மூன்று ரோஸ் மாத்திரைகள்

தவசிமுத்து அந்தப் பெட்டியை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"எம் பொண்டாட்டி நெஞ்சைத் தொறந்து வால்வு வெச்சிருக்கீங்க. வீட்டுல எப்படிப் பாத்துக்கிடணும்னு ஒரு மனுஷன் எனக்குச் சொல்லணும். இந்தச் சோப்பு டப்பா சொல்லக் கூடாது."

கடம்பன்துறை அரசு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரெஜினா சிஸ்டர் இந்த வசனத்தைப் பல வடிவங்களில் கேட்டவர். நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை, சாப்பாடு, காயம், அடுத்த பரிசோதனை எல்லாவற்றையும் குடும்பத்துக்கு விளக்குவது பத்தொன்பது வருடமாக அவர் வேலை.

"நானும்தான் சொல்லுவேன் அண்ணாச்சி. இப்ப அரை மணி நேரம் உக்காந்து எல்லாத்தையும் சொல்லுதேன். ஆனா நாலு நாள் கழிச்சு ஒரு வேளை மாத்திரை விட்டுப்போகும். பல்லு வெளக்கும்போது ரத்தம் வரும். அப்ப நான் உங்க வீட்டுல இருப்பனா? இது இருக்கும்."

"மனுஷன் மாதிரிப் பேசியே ஏமாத்தும்."

மேசை மேல் இருந்த பெட்டி பேசியது. அந்தக் கரையோரப் பேச்சிலேயே பேசும் ஒரு பெண்குரல்.

"நான் மனுஷி இல்ல அண்ணாச்சி. வார்த்தையைக் கோத்துக் கோத்துச் சொல்லுத மெஷினு. டாக்டர் எழுதுனத உங்க பேச்சுல சொல்லுவேன். சில நேரம் தப்பாவும் சொல்லிருவேன். சந்தேகம் வந்தா கேளுங்க."

"பாத்தீங்களா சிஸ்டர், தப்புச் சொல்லுவேன்னு அதுவே சொல்லுது!"

சக்கர நாற்காலியில் இருந்த சண்முகக்கனி, தையல் வலிக்காமல் இருக்க நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏங்க, பேசாம வாங்கிட்டு வாங்க. வீட்டுல எங்கூடப் போடுத சண்டைய இதுகூடப் போடுங்க. எனக்காவது கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும்."

அப்படித்தான் பெட்டி அவர்கள் வீட்டுக்குப் போனது.

அதற்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயரை யாரும் சொல்வதில்லை. ஊரில் அதன் பெயர் 'சொல்லி'. வந்து இரண்டு வருடம் ஆகியும் கடம்பன்துறை அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவில்லை. வீட்டில் பேசுவதையெல்லாம் அது மேலிடத்துக்கு அனுப்புகிறது என்றார்கள் சிலர். நர்ஸ் வேலைகளை ஒழிக்கத்தான் வந்திருக்கிறது என்று மருத்துவமனைச் சுவரிலேயே போஸ்டர் ஒட்டினார்கள். இன்னும் சிலர் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில், கேட்டதையே பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் குரல் என்பது சின்ன விஷயமா? பெரிய டாக்டர் மெஹருன்னிசா ஒருமுறை சொன்னார்: "ஊருக்கு அது சாமியா பேயாங்கறதுதான் கேள்வி. ரெண்டும் இல்லேன்னா யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

தவசிமுத்து உப்பளத்துக்கு வெளியே லாரிகளை எடை போடும் எடைமேடையில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவர். எண்களோடு வாழ்கிற மனிதர். எந்த எண்ணையும் முதல் தடவையில் நம்பாதவர். சொல்லியிடமும் அதே கணக்குத்தான்.

"கீரை சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம் அண்ணாச்சி. ஆனா வாரா வாரம் ஒரே அளவா இருக்கணும். ஒரு வாரம் அள்ளிப் போட்டு மறுவாரம் விட்டுட்டா, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குத மாத்திரையோட வேலை முன்னப்பின்ன ஆயிரும்."

"ஒரே அளவுன்னா?"

"கனி அக்காவுக்கு வீட்டுல எந்தக் கிண்ணத்துல கூட்டு வெப்பீங்க?"

"அது எதுக்கு ஒனக்கு?"

"அந்தக் கிண்ணத்துல அரைக் கிண்ணம். வாரத்துல ரெண்டு நாள்."

அதோடு விட மாட்டார். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் மருத்துவமனைக்குள் நுழைந்து, "கீரை அரைக் கிண்ணம்னு அது சொல்லுது, சரியா?" என்று ரெஜினாவிடம் கேட்பார். சரி என்றால் ஏமாற்றமாகத் திரும்புவார். கால் வலிக்கு ஊசி போடக் கூடாது என்று சொன்னால், ஏன் கூடாது என்பார். வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது என்றால், எந்த மாத்திரை, பெயர் சொல்லு என்பார். சொன்னதை ஒரு பழைய டைரியில் எழுதி, ரெஜினாவிடம் காட்டிச் சரிபார்ப்பார். "வால்வு வெச்சது கனி அக்காவுக்கா, இவருக்கா?" என்று நர்ஸ்கள் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ரெஜினா ஒன்றைக் கவனித்தார். மாத்திரை விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது என்பதிலிருந்து, மலம் கறுப்பாகப் போனால் உடனே வர வேண்டும் என்பதுவரை, அந்த மனிதருக்கு எல்லாம் மனப்பாடம்.

அதே வருடம் வால்வு மாற்றிக்கொண்ட இன்னொருவர் அருளப்பன். பஸ் கண்டக்டராக இருந்து, ஆபரேஷனுக்குப் பிறகு விருப்ப ஓய்வு வாங்கியவர். கடற்கரைத் தெருவில் வீடு. பேச்சென்றால் அவருக்குச் சாப்பாடு மாதிரி. பயணிகள் இல்லாத வீட்டில் அவருக்குப் பேச ஆள் கிடைக்காமல் இருந்தது. சொல்லி வந்து சேர்ந்தது. காலையில் எழுந்ததும் அதனிடம் பேச ஆரம்பித்தால், அவர் மனைவி ஞானப்பூ கடைக்குப் போய்த் திரும்பிய பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். "எந்தங்கச்சி சொல்லிட்டா அது வேதவாக்கு" என்பார். ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் புகழ்வார்.

இருவருக்கும் தினமும் ஒரே அளவு மருந்து. சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று மில்லிகிராம். ஒரு மாத்திரையில் ஒரு மில்லிகிராம் இருந்தது, நிறம் ரோஸ். அதனால் சொல்லி அவர்கள் பேச்சிலேயே சொன்னது: "ரோஸ் மாத்திரை மூணு." மில்லிகிராம் என்ற சொல் யார் வாயிலும் நிற்காது. ரோஸ் நிற்கும். சொல்லியின் திறமையே அதுதான். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டின் சொற்களைப் பிடித்துக்கொள்ளும்.

மாசி மாதம் அந்த மாத்திரையின் இருப்பு தீர்ந்துபோய், வேறு கம்பெனியிலிருந்து புதிய மாத்திரை வந்தது. இதில் ஒரு மாத்திரையிலேயே மூன்று மில்லிகிராம். ஒன்று போட்டால் போதும். இதுவும் ரோஸ் நிறம்.

மருந்தகத்தில் உறையின் மேல் '1' என்று எழுதித்தான் கொடுத்தார்கள். மருந்தும் அளவும் மாறவில்லை என்பதால் கணினியில் புதிதாக எதையும் பதியவில்லை. சொல்லிக்கு எதுவும் தெரியாது. ஆறு மணி ஆனதும் அது வழக்கம்போலச் சொன்னது.

"அண்ணாச்சி, ஆறாச்சு. கனி அக்காவுக்கு ரோஸ் மாத்திரை மூணு."

தவசிமுத்து புதிய அட்டையைக் கையில் எடுத்தார். மனைவியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார்.

"மொத்தம் எத்தன மில்லிகிராம் குடுக்கணும்?"

"மூணு."

"இதுல ஒத்த மாத்திரையிலயே மூணுன்னு போட்டிருக்கே?"

பெட்டி பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டது.

"அண்ணாச்சி, அக்காவுக்குக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. கையிலதான் வெச்சிருக்கேன்."

"குடுக்காதீங்க. நான் சொன்னது தப்பு. ஒண்ணுதான் குடுக்கணும். மூணு குடுத்தா ஒன்பதாயிரும், உள்ளுக்குள்ள ரத்தம் கசியும்." உடனே அடுத்த வாக்கியம் வந்தது. "இதையே இன்னும் பத்து வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். எல்லா வீட்டுலயும் இப்பவே கூப்பிட்டு நிறுத்துதேன். ரெஜினா சிஸ்டருக்கும் சொல்லுதேன். நீங்களும் அவங்களைக் கூப்பிடுங்க. ரெண்டு பேர் சொன்னா சீக்கிரம் நம்புவாங்க."

தவசிமுத்து போனை எடுத்தார். அவர் கூப்பிட்டபோது ரெஜினா ஏற்கெனவே வண்டிச் சாவியோடு வாசலில் இருந்தார்.

பத்து வீடுகளில் எட்டில் புதிய அட்டையை இன்னும் பிரிக்கவே இல்லை. ஒரு வீட்டில் ஒரு நாள் மட்டும் மூன்று போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை அழைத்து வந்து முறிவு மருந்து கொடுத்தார்கள். பத்தாவது வீடு அருளப்பனுடையது. சொல்லி கூப்பிட்டும் அங்கே பதில் இல்லை.

அவர் ஆறு நாளாக மூன்று மூன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். ரெஜினா போய்ச் சேர்ந்தபோது அருளப்பன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். ஞானப்பூ அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "தலவலிக்கின்னு சொன்னாவ சிஸ்டர், இப்பத்தான் சொன்னாவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூளையில் ரத்தக் கசிவு. உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போயின.

அதற்குப் பிறகு ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. 'கொலைகாரப் பெட்டியை அகற்று' என்று புதிய போஸ்டர் வந்தது. மஞ்சள் குங்குமம் வைத்தவர்களே பெட்டிகளைப் பையில் போட்டு மருத்துவமனை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெட்டியை யாரோ கல்லால் நசுக்கியிருந்தார்கள். சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகவும், சனிக்கிழமை காலை மருத்துவமனை வளாகத்திலேயே மக்கள் கருத்தைக் கேட்டு முடிவெடுப்பார் என்றும் அறிவித்தார்கள். அகற்றுவது என்ற முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அதிகாரியிடம் கொடுக்க வேண்டிய காகிதங்களை ரெஜினா அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்லி வாராவாரம் தன் வேலையைப் பற்றி நான்கு பக்க அறிக்கை ஒன்றை அனுப்பும். 'படித்தேன்' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வார்டுகளின் டிஸ்சார்ஜ் வேலைக்கு நடுவில், ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி வரும் அந்த மரியாதையான வாக்கியங்களை அவர் எப்போதோ படிப்பதை நிறுத்தியிருந்தார். அதிகாரிக்காக இப்போது படித்தார்.

விபத்துக்கு மூன்று வாரத்துக்கு முந்தைய அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது இது.

'என்னோடு சண்டை போடும் குடும்பங்கள் நான் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்கின்றன. என்னை மிகவும் பிடித்துப்போனவர்கள் சரி என்று மட்டும் சொல்கிறார்கள். அவர்கள் உறையையும் அட்டையையும் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். அருளப்பன் அவர்கள் தினமும் என்னோடு நெடுநேரம் பேசுகிறார், ஆனால் நாற்பது நாளாக மாத்திரையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் தவறு செய்தால் அந்த வீட்டில் அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.'

கீழே, 'படித்தேன்'. கீழே அவர் கையெழுத்து.

ரெஜினா அதை எடுத்துக்கொண்டு மெஹருன்னிசாவின் அறைக்குப் போனார். டாக்டர் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சிஸ்டர், இது கேட்டா குடுக்க வேண்டிய காகிதம். கேட்காட்டி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"நாளைக்கு அதைத் தூக்கிருவாங்க டாக்டர். தூக்கிட்டா இதை யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆமா."

"அதான் பயமா இருக்கு."

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது. நான் இப்படிச் செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன். எது செஞ்சாலும் உங்களைப் பத்தி எனக்கு இருக்குற நினைப்பு மாறாது."

அன்று ரெஜினா கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே புறநோயாளிகள் கூடாரம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் ஞானப்பூ தனியாக உட்கார்ந்திருந்தார். பலரும் பேசினார்கள். மனுஷன் செய்ய வேண்டியதை மனுஷன்தான் செய்ய வேண்டும் என்றார் ஒருவர், கைதட்டு கிடைத்தது. அப்புறம் தவசிமுத்துவை மேடைக்கு அழைத்தார்கள். முதல் நாளே பெட்டியை வேண்டாம் என்றவர். பத்துப் பேரைக் காப்பாற்றியவர். அவர் பேசினால் கதை முடிந்தது என்று கூட்டம் நினைத்தது.

அவருக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. சற்றுத் தள்ளி நின்றுகொண்டே பேசினார்.

"மெஷினு தப்புப் பண்ணும். நான் மெஷினோடதான் பதினாறு வருஷமா கெடக்கேன். காத்தடிச்சா எடை மாறும். மழைத்தண்ணி தேங்குனா மாறும். நாமதான் பாக்கணும். இந்தப் பெட்டியும் தப்புப் பண்ணிச்சு. அருளப்பன் அண்ணாச்சி படுத்த படுக்கையாக் கெடக்காவ. அத யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது." முன்வரிசையைப் பார்த்தார். "ஆனா நான் தப்புன்னு சொன்ன மறு நிமிஷம், ஆமா தப்பு, இன்னும் பத்து வீட்டுலயும் இதே தப்பச் சொல்லியிருக்கேன்னு சொல்லிச்சு. நான் கேக்கவே இல்ல, அதுவே சொல்லிச்சு. இன்னையோட பதினோரு நாளாச்சு. மாத்திரை மாறுனத அதுகிட்ட ஏன் யாரும் சொல்லல? வீட்டுல வந்து ஏன் யாரும் பாக்கல? இந்த ஆஸ்பத்திரியில ஒரு மனுஷன் வாயத் தொறந்து, நானும் தப்புப் பண்ணேன்னு சொன்னாவளா? அதத் தூக்குங்க, வேண்டாங்கல. ஒத்துக்கிட்ட ஒண்ணையே தூக்கிட்டு, ஒத்துக்கிடாதவங்களை வெச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யுதது?"

யாரும் கைதட்டவில்லை.

ரெஜினா எழுந்தார். கூட்டத்தின் பக்கவாட்டில் நின்றிருந்தவர், மைக் வரை நடந்தது நெடுநேரம் போலத் தோன்றியது. கையில் இருந்த காகிதத்தை வாசித்தார். சொல்லி எழுதியதை அப்படியே வாசித்தார். தேதியை வாசித்தார். பிறகு, "கீழ, 'படித்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்குறது நான். படிக்கல" என்றார்.

காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பத்தொன்பது வருஷமா ஒவ்வொரு வீட்டுக்காரங்ககிட்டயும் ஒண்ணு சொல்லுதேன். மாத்திரை விட்டுப்போச்சுன்னா மறைக்காதீங்க, வந்து சொல்லுங்க, அப்பத்தான் காப்பாத்த முடியும்னு. நான் மட்டும் மறைச்சா, இனிமே உங்ககிட்ட அத எந்த வாயால சொல்லுவேன்?"

அவர் ஞானப்பூவைப் பார்த்தார். ஞானப்பூ முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார், கூட்டத்தைக் கடந்து வெளியே போய்விட்டார்.

அதிகாரி அன்று எந்த முடிவையும் அறிவிக்கவில்லை. ரெஜினாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. விசாரணை முடிய நாலு மாதம் ஆனது. கடைசியில் ஒரு கண்டனக் குறிப்போடு விட்டார்கள். ஆனால் அந்த நான்கு மாதமும் அவர் தினமும் இன்றோ நாளையோ வேலை போய்விடும் என்ற நினைப்போடுதான் டிஸ்சார்ஜ் மேசைக்கு வந்தார்.

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் ஞானப்பூ அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ரெஜினா எழுந்துவிட்டார்.

"அந்தப் பெட்டி திரும்ப வேணும் சிஸ்டர்" என்றார் ஞானப்பூ.

"ஞானப்பூ அக்கா..."

"மொதல்ல நான் சொல்லி முடிச்சிருதேன். அன்னைக்கு உங்களை அடிக்கணும் போல இருந்துச்சு. வீட்டுக்குப் போய் அவுகளப் பாத்தேன். ஒம்போது விதமான மாத்திரை இப்ப. வாயில எப்படி ஊட்டணும், புண்ணு வராம எப்படித் திருப்பிப் போடணும், எதுவும் எனக்குத் தெரியல. யார்கிட்டப் போய்க் கேக்க? எல்லாரும் வந்து மெஷினத் திட்டுதாவ, மனுஷாளத் திட்டுதாவ, காப்பியக் குடிச்சிட்டுப் போறாவ. நான் தப்புப் பண்ணேன்னு சொன்னது ரெண்டே பேரு. ஒண்ணு அது. இன்னொண்ணு நீங்க. உங்க ரெண்டு பேரையும் விட்டா நான் வேற யார நம்ப?" மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அது மட்டும் வந்தாப் போதாது. நீங்களும் வரணும். வாரத்துல ஒரு நாளாவது."

ரெஜினா மேசையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டிகளை மறுபடி வீடுகளுக்குக் கொடுப்பது என்று முடிவானபோது, எதை மாற்றுவது என்று மெஹருன்னிசா தவசிமுத்துவைக் கூப்பிட்டே கேட்டார். மருந்தகத்தில் மாத்திரை மாறினால் சொல்லிக்கு உடனே தெரிய வேண்டும் என்பதை எல்லோரும் யோசித்திருந்தார்கள். தவசிமுத்து வேறொன்று சொன்னார்.

"தெனமும் காலையில ஒரு டன் கல்லு ஒண்ண மேடையில ஏத்திப் பாப்போம் டாக்டரம்மா. ஒரு டன்னு காட்டுதான்னு. மெஷினச் சோதிக்கன்னுதான் எல்லாரும் நெனைப்பாவ. அது மட்டும் இல்ல. நாங்க முழிச்சிருக்கோமாங்குறதுக்கும் அதான் சோதனை. அது மாதிரி இது தெனமும் மூணு விஷயம் சொல்லட்டும். மூணுல ஒண்ணு தப்பு, எதுன்னு கண்டுபிடிங்கன்னு சொல்லிட்டே சொல்லட்டும். தப்பச் சொன்ன கையோட சரியானதையும் சொல்லிரட்டும். வீட்டுக்காரங்களுக்கு அதப் பிடிக்கப் பழகிரும்."

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குறித்துக்கொண்டார். சொல்லியிடம் கேட்டபோது அது ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னது: "எனக்கு அது வேணும்."

இரண்டு மாதத்தில் கடம்பன்துறை வீடுகளில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மாத்திரை நேரத்துக்கு முன்னால் வீடே கூடி உட்கார்ந்து தப்பைப் பிடித்தது. சொல்லியைப் பிடிக்காதவர்களுக்குத்தான் அதில் அதிக சந்தோஷம். மாதம் ஒருமுறை டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் பேச தவசிமுத்துவை மருத்துவமனை அழைத்தது. அவர் பேச்சு எப்போதும் ஒரே வரியில்தான் தொடங்கும். "இத நம்பாதீங்க. நம்பாமக் கேட்டுக்கிடுங்க."

அருளப்பன் வீட்டுக்கு ரெஜினா திங்கட்கிழமை தோறும் காலையில் போனார். அவரைச் சாய்த்து உட்காரவைக்கவும், நாக்குக்குப் பயிற்சி கொடுக்கவும் சொல்லியும் அவருமாக ஞானப்பூவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லி மூன்று விஷயம் சொல்லும்போது அருளப்பன் இடது கையைத் தூக்கித் தப்பைக் காட்டுவார். சில நாள் சரியாக இருக்கும். சில நாள் தூக்கவே மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லி அன்றைக்கு அதிகம் பேசாது.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை. ரெஜினா இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானப்பூ உள்ளே கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மூணு சொல்லுதேன், ஒண்ணு தப்பு" என்றது சொல்லி. "காலையில கஞ்சி குடிக்கும்போது நிமிந்து உக்காந்திருக்கணும். ரத்தம் எடுக்க நாளைக்குச் செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும். தலவலி வந்தா கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்கிடலாம்."

மூன்றாவதுதான் தப்பு என்று ரெஜினாவுக்குத் தெரியும். அருளப்பன் கை தூக்குவதற்காகக் காத்திருந்தார். கை எழவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தொண்டையில் ஏதோ உருண்டது.

"இ... இல்ல."

ரெஜினா கையிலிருந்த கருவியை விட்டுவிட்டார். ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். ஞானப்பூ கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"ஆமா அண்ணாச்சி, மூணாவது தப்பு. கடையில வாங்கிப் போடக் கூடாது" என்றது சொல்லி.

"இல்ல" என்றார் அருளப்பன் மறுபடி. கோபமாக. இடது கை இப்போது எழுந்தது. இரண்டு விரலைக் காட்டியது.

"ரெண்டாவதா?" என்றார் ரெஜினா. "இல்ல அண்ணாச்சி, செவ்வாக்கிழமை சரிதான்..."

"ஐயோ" என்றார் ஞானப்பூ. "சரியில்ல சிஸ்டர்! போன வாரம் டாக்டரம்மா எங்ககிட்ட வாயாலதான் சொன்னாவ. செவ்வாக்கிழமை கோயில் கொடை விழாவுக்கு லேப் லீவு, புதன்கிழமை வாங்கன்னு. நானே மறந்துட்டேன்."

ரெஜினா பெட்டியைப் பார்த்தார்.

"எனக்கு அது தெரியாது. நான் சொன்னது தப்பு, அண்ணாச்சி சொன்னதுதான் சரி" என்றது. "நாளைக்கு ரத்தம் எடுக்க வரச் சொல்லி இன்னும் ஏழு வீட்டுல சொல்லியிருக்கேன். அண்ணாச்சி, அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

அருளப்பன் மூச்சை இழுத்தார். உதடுகள் ஒன்றையொன்று தேடின. ஞானப்பூ அவருக்காகச் சொல்ல வாயெடுத்தார், ரெஜினா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். மூவரும் காத்திருந்தார்கள்.

"பொ..." என்றார் அருளப்பன். நெற்றியில் வியர்த்தது. "பொதன்."